பெர்னில் வேலை, சனிக்கிழமை ஓஷினன் ஏரி

அலுவலக வேலையாக சுவிட்சர்லாந்தின் பெர்னுக்கு வந்து ஒரு சனிக்கிழமை ஓய்வாகக் கிடைத்தால், யோசிக்காமல் காண்டர்ஸ்டெக் என்ற மலைக் கிராமத்துக்கு ரயிலைப் பிடியுங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான பயணம். அங்கிருந்து கேபிள் கார் மேலே கொண்டுவிடும்.

இறங்கியதும் எல்லோரும் 1,578 மீட்டர் உயரத்திலுள்ள ஓஷினன் ஏரிக்கு நேராக இறங்குவார்கள். நீங்கள் ஏரிக்கு மேலே உள்ள ஹாய்பெர்க் சரிவுப் பக்கம் ஏறுங்கள். 1,940 மீட்டர் வரை போகும் அந்தப் பாதையில்தான் ஏரி முழுதாகக் கண்ணில் விழும். பனியாறு அரைத்த பாறைத்தூள் நீரில் மிதந்து ஒளியைச் சிதறடிப்பதால் வரும் அந்த நீலப்பச்சை நிறம், கரையில் நின்றால் இவ்வளவு தெரியாது. பிறகு ஓபர்பேர்க்லி என்ற மலை மேய்ச்சல் நிலம் வழியாக ஏரிக்கரைக்கு இறங்கலாம்.

வழிகாட்டிகளில் வெறும் மஞ்சள் பலகை என்றால் சாதாரண நடைபாதை. வெள்ளை-சிவப்பு-வெள்ளை கோடு என்றால் மலைப்பாதை: செங்குத்து, சில இடங்களில் ஓரம் சரிவு. ஹாய்பெர்க் இந்த இரண்டாம் வகை. ஆபீஸ் ஷூவோடு தயவுசெய்து போகாதீர்கள். ஈரக் கல்லில் வழுக்குவது பெரும்பாலும் இறக்கத்தில்தான், களைத்த கால் அப்போது பிடிப்பு தேடும். பலகையில் போட்டிருக்கும் நடை நேரத்தில் ஓய்வு நேரம் சேராது. மொத்தம் 4 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

கோடையில் பிற்பகல் இடிமழை சகஜம், காலையிலேயே கிளம்புங்கள். ஒன்றரை லிட்டர் தண்ணீர், மழைக்கோட்டு, ஒரு ஸ்வெட்டர் போதும். ஜூன் தொடக்கத்தில் மேலே பனி கிடக்கலாம். கடைசி கேபிள் கார் நேரத்தை ஏறும்போதே பார்த்துவிடுங்கள். அவசர மீட்புக்கு 1414.