மதுரைக்குப் போகாத நாட்கள்

செட்டிநாட்டில் மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., வந்தவர்களில் பலருக்கு நரம்பியல் மருத்துவர் மதுரையில் இருக்கிறார். காரைக்குடியிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் போனாலும் வருஷத்தில் நாலு நாள். சிகிச்சை கெட்டுப்போவதெல்லாம் மிச்சமிருக்கும் 361 நாளில்தான்.

மூளையிலும் தண்டுவடத்திலும் கண் நரம்பிலும் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையை உடலின் எதிர்ப்புச் சக்தியே அரிக்கும் நோய் இது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும், பெண்களுக்கு அதிகம். ஒரு கண் மங்கும், கால் மரக்கும், சில வாரங்களில் தானே தணியும். தணிவதுதான் வினை. யாரோ 'நரம்புத் தளர்ச்சி' என்று பெயர் வைத்து சத்து ஊசி போட, ஊசி கேட்டுவிட்டதாக வீடே நம்பிவிடும். இதே மாதிரி தோன்றும் நியூரோமயலைட்டிஸ் ஆப்டிகா, சுருக்கமாக என்.எம்.ஓ., என்ற வேறு நோய்க்கு அக்வாபோரின்-4 எதிர்ப்புப் பொருள் சோதனை உண்டு. அதைப் பார்க்காமல் எம்.எஸ். மருந்தான இன்டர்ஃபெரானைத் தொடங்கினால் அந்த நோய் முற்றும்.

இவர்களை உள்ளூரில் கவனிக்கும் குழு நாங்கள். எங்கள் வேலையில் பாதி தொலைபேசியில் நடக்கிறது. "மகளுக்கு மறுபடி கால் இழுக்குது" என்று அம்மா பேசினால், உடனே ஸ்டீராய்டு என்று ஓடக் கூடாது. "ஆச்சி, எப்பத்திலேருந்து? காய்ச்சல் இருக்கா? ஒன்றுக்குப் போறப்ப எரியுதா? இது புதுசா, முன்னாடி வந்ததுதானா?" என்று செவிலியர் கேட்க வேண்டும். காய்ச்சலோ தொற்றோ இல்லாமல் 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால்தான் அதை மறுதாக்கு என்று கொள்ளலாம். அக்னி நட்சத்திர வெயிலிலோ காய்ச்சலிலோ நரம்பில் உள்ள பழைய தழும்புகளே மறுபடி பேசும். உடம்பு குளிர்ந்தால் அடங்கும். சிறுநீர்ச் சோதனை செய்யாமல் ஸ்டீராய்டு ஏற்றினால் உள்ளே இருக்கும் தொற்று பெருகும். தொற்றுக்குக் காரணமும் பலசமயம் நம் பழக்கந்தான்: கல்யாண வீட்டிலும் பேருந்திலும் கழிப்பறைக்குப் பயந்து பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. சிறுநீர் கழித்த பின்னும் ஸ்கேனில் 100 மில்லிக்கு மேல் தங்கினால், சுயமாகக் குழாய் விட்டு வெளியேற்றக் கற்றுக்கொடுப்பது பற்றிப் பேச வேண்டும். கூச்சம் போக இரண்டு மூன்று அமர்வாவது ஆகும்.

மறுதாக்கு என்று உறுதியானால் மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு தினம் 1 கிராம், 3 முதல் 5 நாள். மதுரை மருத்துவர் சொன்னால் உள்ளூரிலேயே ஏற்றலாம், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துக்கொண்டு. இது மீட்சியை விரைவாக்குமே தவிர அடுத்த தாக்கைத் தடுக்காது. இதை நாங்கள் சொல்லத் தவறினால், டிரிப் போட்டாச்சு, குணமாச்சு என்று, அடுத்த தாக்கைத் தடுப்பதற்கான தினசரி மருந்து நின்றுவிடும்.

தினசரி மருந்தின் சங்கடமே, சாப்பிட்டாலும் ஒன்றும் தெரியாது, விட்டாலும் உடனே ஒன்றும் தெரியாது என்பது. உதாரணமாக டைமெத்தில் ஃபியூமரேட் முதல் 7 நாள் 120 மில்லிகிராம் இருவேளை, பிறகு இருவேளையும் 240. முகம் சிவந்து எரிந்ததும் ஒவ்வாமை என்று நிறுத்திவிடுகிறார்கள். சாப்பாட்டோடு எடுத்தால் தணியும் என்பதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். ரத்தத்தில் லிம்போசைட் என்ற வெள்ளணுக்களின் எண்ணிக்கையை 6 மாதத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். ரத்தம் எடுப்பது எளிது. ரிப்போர்ட் பிளாஸ்டிக் கவரில் அடுத்த மதுரைப் பயணம்வரை தூங்குவதுதான் நடக்கிறது. அதைப் படிக்கும் பொறுப்பு யாருடையது என்று ஒரே ஒருவரைக் குறிக்காவிட்டால் குழு என்பது வெறும் பேச்சு. இன்டர்ஃபெரான் ஊசிக்கு 2 முதல் 8 டிகிரி குளிர் வேண்டும். பேருந்தில் கொண்டுவரும்போது பனிக்கட்டிமேல் நேரே வைத்தால் உறைந்து கெடும்.

கருவைப் பாதிக்கக்கூடிய டெரிஃப்ளுனமைடு என்ற எம்.எஸ். மாத்திரை எடுக்கும் பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு வந்தால் மருத்துவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். கரு உண்டாகும் முன் கொலஸ்டிரமின் கொடுத்து மருந்தை உடலிலிருந்து அகற்ற 11 நாள் முறை இருக்கிறது. வீட்டுப் பெரியவர்கள் சுற்றி நிற்கும்போது இதைக் கேட்டால் பதில் வராது. அந்தப் பெண்ணிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

இயன்முறை மருத்துவர் ஒருமுறையாவது வீட்டுக்குப் போக வேண்டும். ஆஸ்பத்திரித் தரையில் நன்றாக நடப்பவர், முகப்புப் படியிலும் உயரமான நிலைப்படியிலும் ஈரமான ஆத்தங்குடிக் கல்லிலும் தடுக்குவார். ஆனால் அந்த வீட்டிலேயே ஒரு வசதியும் உண்டு: வளவு என்னும் உள்முற்றத்துத் தாழ்வாரத்தில் 25 அடி, அதாவது 7.6 மீட்டர், சுண்ணக்கட்டியால் கோடு போட்டு மாதம் ஒருமுறை நடந்து வினாடி எண்ணலாம். பழைய அளவைவிட 20 சதவீதம் கூடினால் அடுத்த முறைக்குக் காத்திராமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பழனிக்கு நடைப்பயணம் போகணும் என்பவரிடம் 'கூடாது' என்றால் சொல்லாமல் போவார். விடியலிலும் இரவிலும் மட்டும் நடை, கழுத்தில் ஈரத்துண்டு, பின்னால் வண்டி, எந்த இடத்தில் ஏறிக்கொள்வது என்று அவரோடு உட்கார்ந்து முடிவு செய்தால் பெரும்பாலும் கேட்பார்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்த நோயின் பெயரே இருக்கிறது. ஆனாலும் கால் முழுதும் விழுந்த பிறகுதான் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வருகிறார்கள்.

எல்லாவற்றையும் இணைப்பது ஒரு நாற்பது பக்க நோட்டு: தேதி, அறிகுறி, எத்தனை மணி நேரம், விட்ட மாத்திரை, நடை வினாடி. வீட்டார் எழுதித் தருவதைவிட நோயாளியே எழுதுவது நல்லது. கையெழுத்து கோணத் தொடங்கினால் அதுவும் அந்தப் பக்கத்திலேயே தெரியும்.