டிக்கியில் அரிசி இருந்தால் ஆடாத கார்

குறுவை அறுவடை சமயத்தில், திருவையாற்றிலிருந்து கும்பகோணம் போகிற சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காயும். மீதிப் பாதியில்தான் பஸ், டிராக்டர், ஆடு மாடு, நாம் எல்லோரும். கபிஸ்தலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கன்றுக்குட்டி குறுக்கே ஓடிவந்தது. அறுபதில் போய்க்கொண்டிருந்த நான் பிரேக்கை அழுத்த, வண்டியின் வால் இடது பக்கம் விலகி, மூக்கு எதிரே வரும் வண்டிகளின் பக்கம் திரும்பிவிட்டது. டயருக்கு அடியில் நெல் இல்லை, ஈரமும் இல்லை, காய்ந்த தார். பெடலைத் தளர்த்தியதும் நேரானது. கன்றுக்குட்டி தப்பித்தது. ஓரம் கட்டிவிட்டு வந்து பார்த்தால் சாலையில் ஒரே ஒரு கறுப்புக் கோடு. வலது பின் டயர் போட்டது.

வண்டி 2004 மாடல், 1.6 லிட்டர் பெட்ரோல். சின்ன உடம்பு, பெரிய இன்ஜின். முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக் (சக்கரத்தோடு சுற்றும் கிண்ணத்தை உள்ளிருந்து ஷூ என்ற இரண்டு வளைந்த கட்டைகள் அழுத்திப் பிடிக்கும்). பிரேக் அழுத்தும்போது சக்கரம் சுற்றாமல் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளும் ஏ.பி.எஸ். கிடையாது. இவ்வளவு ஆசையாக ஓடுகிற வண்டி அதே அளவு ஒழுங்காக நிற்கவும் வேண்டும் என்பது எனக்கு முக்கியம்.

எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணனிடம் சொன்னேன். "பின்னாடி பிடி பத்தலையா இருக்கும் தம்பி, ஷூவைக் கொஞ்சம் டைட் வச்சிடுவோம்" என்றார். அந்த ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. பிரேக் அழுத்தும்போது எடை முன்னால் சாயும், பின் சக்கரங்கள் லேசாகிவிடும். லேசான சக்கரத்தைக் கெட்டியாகப் பிடித்தால் அது சுற்றாமல் நின்றுவிடும். நின்ற சக்கரத்துக்குப் பக்கவாட்டில் பிடிமானம் இருக்காது, வால் தன் இஷ்டத்துக்குப் போகும். முன் சக்கரம் முதலில் நின்றால் ஸ்டியரிங் கேட்காது, ஆனாலும் வண்டி பெரும்பாலும் நேராகவே போகும். பின் சக்கரம் முதலில் நின்றால் சுழன்றுவிடும். பின் பிரேக் குறைவாகப் பிடிப்பதுதான் சரி.

முதல் சனிக்கிழமை ஜாக்கி போட்டு வலது டிரம்மைக் கழற்றினேன். ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையைச் சற்றே விலக்கியதும் ஒரு சொட்டு பிரேக் ஆயில் நகத்தில் வந்து நின்றது. முன்பக்க ஷூவின் லைனிங் (உரசும் பட்டை) கீழ்ப்பாதியில் கறுத்து, வெல்லப்பாகு பட்டதுபோல் மினுங்கியது. டிரம் சுற்றும் வேகமே அந்த ஷூவை இன்னும் உள்ளே இழுத்து அழுத்தும். டிரம் பிரேக்கின் குணம் அது. ஆயில் ஊறிய லைனிங் சில நேரம் வழுக்கும், சில நேரம் வெடுக்கென்று கவ்வும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம், ஊறிய ஆயில் சூடானதும் மறுபடி மேலே வரும். இரண்டு பக்கமும் சிலிண்டர், ஷூ புதிது போட்டேன். டிரம்களை லேத்தில் கொடுத்து, அதில் பொறித்திருக்கும் உச்ச உள்விட்டத்தைத் தாண்டாமல் லேசாகச் சீவி வாங்கினேன். டாட் 4 ரக பிரேக் ஆயிலும் புதிது. புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காத ஆயில், ஈரம் உறிஞ்சிவிட்டால் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். நம் ஊர் மழைக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுவது நல்லது.

ஞாயிறு விடியற்காலை, ஆள் இல்லாத சாலையில் அக்கா மகனைப் பின்னால் நிறுத்தி வீடியோ எடுக்கச் சொல்லி நாற்பதில் அழுத்திப் பார்த்தேன். ஒரு பக்கமாக இழுப்பது போய்விட்டது. ஆனால் இப்போது பின் சக்கரம் இரண்டும் சேர்ந்து நின்றன! வால் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தயங்கியது.

டயரைப் பார்த்தேன். பின் டயரில் 1216 என்று இருந்தது, அதாவது 2016ஆம் வருஷம் 12ஆவது வாரம். கல்போல இறுகியிருந்தன. முன்னால் போட்டிருந்த புது ஜோடியைப் பின்னால் மாற்றினேன். கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான்.

அடுத்த வாரம் அப்பா மில்லிலிருந்து 25 கிலோ அரிசிச் சிப்பம் நான்கு ஏற்றிவரச் சொன்னார். வரும் வழியில் பாபநாசம் பக்கம் பைக்கில் வந்த ஒருவர் சட்டென்று திரும்ப, நன்றாகவே அழுத்திவிட்டேன். வண்டி நூல் பிடித்த மாதிரி நின்றது. வீட்டுக்கு வந்து அரிசியை இறக்கிவிட்டுத் திரும்பப் போய் அழுத்தினேன். பழையபடி ஆட்டம்.

அண்ணனுக்குப் போன் செய்து இதைச் சொன்னதும் அவரே பிடித்துவிட்டார். "லோடுக்குத் தக்க பின்னாடி பிரஷரைக் குறைக்கிற வால்வு இருக்குமே, அடியில பாரு தம்பி."

வண்டிக்கு அடியில் படுத்தேன். பின் அச்சிலிருந்து ஒரு ஸ்பிரிங், அது இழுக்கும் விரல் நீள லீவர், லீவருக்கு மேலே வால்வு. டிக்கி காலியாக இருந்தால் லீவர் தணிந்து, பின்னால் போகும் அழுத்தத்தை வால்வு மட்டுப்படுத்த வேண்டும். என் வண்டியில் லீவர் முழு லோடு நிலையில் துருவோடு துருவாக ஒட்டியிருந்தது. கையால் அசைத்தால் அசையவில்லை. போன ஐப்பசி மழையில் டிக்கி நிறைய விதைநெல்லோடு பத்து நாள் வாசலில் நின்றது, அப்போது பிடித்த துருவாக இருக்கலாம். ஆக அரிசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வண்டி அரிசி இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

துரு நீக்கும் ஆயில் அடித்து ஒரு ராத்திரி ஊறவிட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, முன்னும் பின்னும் மெல்ல ஆட்டினேன். மூன்றாவது தடவையில் கிறீச்சென்று விட்டுக்கொடுத்தது. அக்கா மகன் டிக்கியில் ஏறி உட்கார்ந்தால் லீவர் ஏறியது, இறங்கினால் தணிந்தது. பெடலை ஓங்கி மிதித்துச் சட்டென்று விடச் சொன்னேன், லீவர் லேசாகத் துள்ளியது. உள்ளே பிஸ்டனும் உயிரோடுதான் இருக்கிறது.

காலி டிக்கியோடு அதே சாலையில் மூன்று தடவை அழுத்தினேன். மூன்று தடவையும் கோடு போட்டது முன் டயர்கள்தான். வால் அசையவில்லை. வீடியோவை அண்ணனுக்கு அனுப்பியிருக்கிறேன். அடியில் படுத்திருந்தபோது பின் அச்சின் ரப்பர் புஷ் இரண்டிலும் வெடிப்பு தெரிந்தது, அது அடுத்த சனிக்கிழமை.