பேப்பர் போட்ட பிறகு

பாரிமுனைப் பக்கம் சுங்க முகவர் அலுவலகத்தில் இறக்குமதி டாக்குமென்ட் பார்ப்பவனுக்கு நேரம்தான் எல்லாம். பெரும்பாலான சரக்குக்குக் கப்பல் வருவதற்கு முந்தின நாளே பில் ஆஃப் என்ட்ரி, அதாவது சுங்கத்துக்கான இறக்குமதி அறிக்கை, போட்டுவிட வேண்டும். தவறினால் முதல் மூன்று நாள் தினம் 5,000 ரூபாய், அப்புறம் தினம் 10,000 ரூபாய் தாமதக் கட்டணம். எங்கள் மேனேஜரோ, அதைப் போடுமுன் சரிபார்க்க வேண்டிய செக்லிஸ்ட்டைப் பார்க்காமலேயே ராத்திரி ஏழு மணிவரை மேஜையில் போட்டு வைத்திருப்பார். ஞாபகப்படுத்தினால், "எனக்குத் தெரியாதா?" படுத்தாவிட்டால், "ஏன்யா சொல்லலை?" கட்டணம் விழுந்ததும் சரக்குக்காரப் பார்ட்டியை ஸ்பீக்கரில் போட்டு, "நம்ம பையன் கோட்டை விட்டுட்டான் சார்" என்பார். பையனுக்கு வயது 41.

வேலை தெரியாத ஆளில்லை அவர். எந்தச் சரக்கைச் சொன்னாலும் வரி கணக்கிட உதவும் எட்டு இலக்க டாரிஃப் எண் வாயிலிருந்து வரும். அதனால்தான் அவரை யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

பேப்பர் போட்டேன், ராஜினாமாதான். மறுநாளே எச்.ஆர். கூப்பிட்டு, சம்பளம் எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று கேட்டார். என் கடிதத்தில் சம்பளம் என்ற பேச்சே கிடையாது. பிறகு முதலாளி: "அவர் சுபாவம் அப்படி தம்பி, மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டார்." நான் வைத்துக்கொள்கிறேனே! ஒன்று மட்டும் கேட்டேன்: "இனி நான் யாருக்கு ரிப்போர்ட் பண்ணணும், என் அப்ரைசலை யார் எழுதுவாங்க சார்?" வேறு ஆளுக்குக் கீழே மாற்றி எழுதித் தந்திருந்தால் அங்கேயே இருந்திருப்பேன், வேலையும் பிடிக்கும், பீச் ஸ்டேஷனிலிருந்து நடந்துவிடலாம், மத்தியானம் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் கிடைக்கும். "மெதுவா பண்ணலாம்" என்றார். சம்பள உயர்வு மட்டும் அன்றைக்கே டைப் ஆகி வந்துவிட்டது. அதில் கையெழுத்துப் போட்டால், அடுத்த தடவை வாயைத் திறந்தால் "ஏத்திக் கொடுத்தோமே" என்பார்கள். போடவில்லை.

வீட்டில் கேட்டது வேறு கேள்வி: "கிராஜுவிட்டி போயிடுமே?" நியாயம்தான். வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடை அது. வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாக வைத்துக் கணக்கு. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து 26,000 என்றால் ஐந்து வருஷத்துக்கு 75,000 ரூபாய். அது கிடைக்க ஐந்து வருஷ சர்வீஸ் வேண்டும், எனக்கு நிறையவில்லை. ஆனால் ஐந்தாம் வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே அது முழு வருஷக் கணக்கு என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நோட்டீஸ் காலமும் சர்வீஸில் சேரும் என்பதால், முழுசாக வேலை பார்த்தால் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவேன். புது இடத்தில் நோட்டீஸ் பணத்தைக் கட்டிவிடுகிறோம், சீக்கிரம் வாருங்கள் என்கிறார்கள். முடியாது என்றுவிட்டேன். பி.எஃப். பணத்தையும் எடுக்கப் போவதில்லை, அதே யு.ஏ.என்.னில் (பி.எஃப். கணக்குக்கான பொது எண்) மாற்றிக்கொள்வேன்.