எடு, எட்டு: நாக்கு தங்கும் நேரம்

கொக்குவிலில் வசிக்கும் என் மாமாவுக்குச் சென்ற ஆண்டு பாரிசவாதம் ஏற்பட்டது. கையும் காலும் ஓரளவு தேறிய பின்னரும் பேச்சு பழையபடி திரும்பவில்லை. ஒரு மாலை, மேசையிலிருந்த மூக்குக்கண்ணாடியைப் பார்த்து "எடு" என்றார். மாமியின் காதில் அது "எட்டு" என்று விழுந்தது. "எட்டு மணியோ கேக்கிறியள்? இன்னும் ஆகேல்லையப்பா" என்று மாமி சொன்னதும் அவர் கண்களை மூடிக்கொண்டார்.

'எடு' என்னும்போது நாக்கின் நுனி அண்ணத்தைத் தொட்ட கணமே விலகிவிடுகிறது. 'எட்டு' என்னும்போது அங்கேயே ஒட்டி நின்று, மூச்சை அடைத்து, பிறகுதான் விடுகிறது. அந்த அடைப்பின்போது ஒலியே இல்லை. மெய்க்கு அரை மாத்திரை என்று வகுத்து, மாத்திரையைக் கண்ணிமைப்பாலும் கைந்நொடியாலும் அளந்த தொல்காப்பியம் நம்மிடம் இருந்தும், இந்தச் சிறு மௌனத்தின் மீது சொற்பொருள் தங்கியிருப்பதை நான் அன்றுதான் உணர்ந்தேன்.

ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் போல் பூர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் உருவாக்கிய, பேச்சொலியை அலைக்கோடாகக் காட்டும் 'பிராட்' என்ற இலவச மென்பொருளில் மாமாவின் ஒலிப்பதிவைத் திறந்து பார்த்தேன். அவருடைய 'எடு'வின் நடுவே, என்னுடைய 'எட்டு'வில் இருப்பதைப் போலவே, அலை அடங்கிய தட்டையான கோடு நீண்டு கிடந்தது. "மெதுவாகக் கதையுங்கோ" என்று எல்லோரும் அவருக்குச் சொல்கிறோம். ஆனால் நாம் வேண்டுமென்றே மெதுவாகப் பேசினாலும் உயிரும் மெய்யும் சேர்ந்தே நீள்வதால் இரு சொற்களும் ஒன்றாகிவிடுவதில்லை. அவருக்குக் குலைந்திருப்பது வேகம் மட்டுமன்று, உயிருக்கும் மெய்க்கும் இடையிலான அந்த நீள விகிதமும்தான்.

லிஸ்கர், ஆப்ராம்சன் ஆகிய ஒலியியல் ஆய்வாளர்கள் இருவர் 1964இல் 11 மொழிகளில், அடைப்புத் திறப்பதற்கும் குரல்நாண் அதிரத் தொடங்குவதற்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்தபோது தமிழையும் சேர்த்துக்கொண்டனர். சொல்லின் முதலில் வரும் பகரத்துக்கு ஆங்கிலத்தில் சராசரியாக 58 மில்லி செக்கன், தமிழில் வெறும் 12. பேச்சுக் குறைபாட்டு ஆய்வுகளும் பின்னர் இந்த அளவையைப் பெரிதும் கையாண்டன. ப-த-க என்று விரைவாகத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கும் சோதனையும் பயனுள்ளதே. ஆயினும் தமிழ் பேசும் நோயாளிக்கு அடைப்பின் நீளத்தையும் தவறாமல் அளக்க வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம்.

இப்போது நாங்கள் படி–பட்டி, எடு–எட்டு என்று இணை இணையாகப் பயிற்சி செய்கிறோம். இந்த வாரப் பதிவில் 'படி'யின் கோடு சற்றுக் குறுகியிருக்கிறது. 'எடு' இன்னும் மாறவில்லை. கண்ணாடியை அவர் கையால் சுட்டியே கேட்கிறார்.