காவல் கோபுரமும் டைம்ஷீட்டும்

ஈராக்கில் ஓர் அமெரிக்க ராணுவ முகாமில் எனக்கு டைம்ஷீட் எழுதும் வேலை. முகாமின் கோபுரங்களிலும் வாசல் சோதனைச் சாவடியிலும் துப்பாக்கியோடு நின்றவர்களில் பெரும்பாலோர் ராணுவத்தினர் இல்லை, தனியார் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆட்கள். காவலுக்கு உகாண்டாக்காரர்கள், மேற்பார்வைக்கு முன்னாள் அமெரிக்க, பிரிட்டிஷ் ராணுவத்தினர், கணக்கெழுத என்னைப் போன்ற இந்தியர்கள். சம்பளம் வேலையைப் பார்த்து அல்ல, பாஸ்போர்ட்டைப் பார்த்துத்தான்.

பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். முடித்து வருபவர் துப்பாக்கியின் தோட்டா அடைத்த மேகசினைக் கழற்றி, மணல் நிரப்பிய பீப்பாய்க்குள் துப்பாக்கி முனையை நீட்டி, உள்ளே தோட்டா இல்லை என்று காட்ட வேண்டும். தோட்டாக்களை எண்ணி ஒப்படைத்த பிறகுதான் என் மேஜைக்கு வந்து கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்துதான் நிறுவனத்துக்குப் பணம். ஒப்பந்தப்படி ஒரு கோபுரம் ஆளில்லாமல் கிடந்தால் பில்லில் பிடித்துக்கொள்வார்கள். ராக்கெட் விழுந்த இரவுகளில் மேற்பார்வையாளர் ரேடியோவில் கேட்கும் முதல் கேள்வி, யாருக்காவது அடிபட்டதா என்பது. பில் கவலையால், எந்த போஸ்ட் காலி என்ற கேள்வியும் அதே மூச்சில் வரும். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் மேலே ஒருவர் கேட்பார்.

2007 செப்டம்பர் 16 அன்று பாக்தாத்தின் நிசூர் சதுக்கத்தில் பிளாக்வாட்டர் என்ற அமெரிக்கத் தனியார் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆட்கள் சுட்டதில் ஈராக்கியர் 17 பேர் இறந்தார்கள். பிளாக்வாட்டர் ஆட்கள் அமெரிக்கத் தூதரக வாகனங்களுக்குத் துணை போனவர்கள். எங்கள் காவலர்களோ வாசலைத் தாண்டுவதே அபூர்வம். ஆனால் கூலி வேலைக்கு உள்ளே வரும் ஈராக்கியருக்கு அந்த வித்தியாசம் எதற்கு? சோதனைக்குக் கையைத் தூக்கி நிற்கும்போது அவர்கள் பார்க்கும் பார்வை எல்லோருக்கும் ஒன்றுதான். ஈராக்கை அமெரிக்கா பிடித்த பிறகு நடத்திய ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் 17ஆம் எண் உத்தரவு ஒப்பந்த நிறுவனங்களுக்கு ஈராக்கியச் சட்டத்திலிருந்து விலக்கு கொடுத்திருந்தது. அமெரிக்க, ஈராக்கிய அரசுகளின் உடன்பாட்டால் 2009 ஜனவரியிலிருந்துதான் அமெரிக்கப் படைகளின் ஒப்பந்தக்காரர்களுக்கு அந்த விலக்கு இல்லாமல் போனது. நிசூர் வழக்கில் நான்கு பேருக்கு அமெரிக்க நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. 2020 டிசம்பரில் அதிபர் டிரம்ப் மன்னிப்பு வழங்கிவிட்டார்.

எங்கள் ஆட்களைக் கூலிப்படை என்று யாராவது எழுதினால் எனக்கு எரிச்சல் வரும். 2023 ஜூனில் மாஸ்கோவை நோக்கிப் படை நடத்திய ரஷ்யத் தனியார் படையான வாக்னரையும், கோபுரத்தில் தூக்கத்தோடு மல்லுக்கட்டிய இவர்களையும் எப்படி ஒரே கூடையில் போடுவது?

ராணுவங்களுக்கு இந்த ஏற்பாடு ஏன் பிடிக்கிறது என்பது அலுவலகத்தில் உட்கார்ந்தாலே புரியும். வாசல் காவலை இவர்களிடம் விட்டால் சிப்பாய்கள் சண்டைக்குக் கிடைப்பார்கள். ஒப்பந்தம் முடிந்தால் ஓய்வூதியப் பேச்சே இல்லை. செத்தால் ராணுவ இழப்புக் கணக்கிலும் வராது. வெளிநாட்டு ஊழியருக்கும் காப்பீடு கட்டாயம் என்று 1941ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. அந்தத் தாள் ஆங்கிலத்தில் எங்கள் கோப்பில் இருந்தது. அப்படி ஒன்று இருப்பது காவலர்களின் வீடுகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அப்புறம் ஒப்பந்தம் மறு டெண்டருக்குப் போனது. குறைவாகக் கேட்ட வேறு நிறுவனம் எடுத்தது. அதே ஆள், அதே கோபுரம், புது சட்டை, குறைந்த சம்பளம். விருப்பமில்லாதவர்கள் ஊருக்குப் போகலாம் என்றார்கள். பெரும்பாலோர் கையெழுத்துப் போட்டார்கள். இந்த வேலைக்காக ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் இன்னும் அடையவில்லை.