இரண்டு யூனிட் ரத்தம்

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை என்றால், நோயாளியைப் பார்ப்பதற்கு முன்பே ‘ரத்தம் இரண்டு யூனிட்’ என்று எழுதிவைக்கும் வழக்கம் இருந்த காலத்தில் நான் மயக்கவியல் மருத்துவராகப் பணியில் சேர்ந்தேன். வரவழைத்த ரத்தத்தைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல் ஏற்றிவிடுவதும் அப்போது நடந்ததுண்டு.

அந்த வழக்கத்தை மாற்றியது அறுவை அரங்கைக் காட்டிலும் புறநோயாளிப் பிரிவுதான் என்பேன். மூட்டு வலிக்காக ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்கியவர்களுக்கு இரைப்பையில் ரத்தம் சிறிது சிறிதாகக் கசிந்து இரும்புச்சத்து வற்றியிருக்கும். ஹீமோகுளோபின் 10 கிராமில் மேசைக்கு வருபவருக்கு எவ்வளவு கவனமாக அறுத்தாலும் ரத்தம் தேவைப்படும் வாய்ப்பு அதிகம். எனவே 13 கிராமுக்குக் கீழே இருந்தால் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்த்து, காரணம் தேடி, இரும்புச்சத்து மாத்திரைக்கு அவகாசம் இல்லையென்றால் சிரை வழியே இரும்புச்சத்து கொடுக்கிறோம். “இன்னும் ஒரு மாதம் இந்த வலியோடவா, டாக்டர்?” என்று கேட்பவரிடம் தேதியைத் தள்ளிவைக்கச் சொல்வதுதான் இதில் கடினமான வேலை.

அரங்கில் நடப்பதையும் சொல்ல வேண்டும். ரத்த ஓட்டத்தைத் தடுக்கத் தொடையில் இறுக்கிக் கட்டிய டூர்னிகெட் பட்டையைத் தளர்த்தியதும், அறுபட்ட எலும்பின் பரப்பு முழுவதும் ரத்தம் பூக்கும். அதை நூலால் கட்டி நிறுத்த முடியாது. தொடை எலும்பில் இட்ட துளையை அறுவை மருத்துவர் வெட்டியெடுத்த எலும்புத் துண்டாலேயே அடைப்பார். நான் முன்கூட்டியே செலுத்தியிருக்கும் டிரானெக்சாமிக் அமிலம், உருவான உறைகட்டி கரைந்துவிடாமல் காக்கும். ஜப்பானின் ஒகாமோட்டோ தம்பதியர் இம்மருந்தை அறிவித்ததும், இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் கிண்ணத்துடன் செயற்கை இடுப்பு மூட்டைப் பொருத்தத் தொடங்கியதும் ஒரே ஆண்டில், 1962இல். இரண்டும் ஒரே மேசையில் வழக்கமாகச் சந்திப்பதற்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

மறுநாள் காலை ஹீமோகுளோபின் 8.5 என்று வார்டிலிருந்து அழைப்பு வரும். மயக்கம், படபடப்பு, மார்பு வலி உண்டா என்று கேட்பேன், இல்லையென்றால் காத்திருக்கலாம். இடுப்பு எலும்பு முறிந்த, இதய நோயோ அதற்கான அபாயமோ உள்ள முதியவர்களிடம் நடத்தி 2011இல் வெளியான ஆய்வில், 10 கிராமுக்குக் குறைந்ததும் ரத்தம் ஏற்றியதற்கும் 8 கிராம் வரை பொறுத்ததற்கும் உயிரிழப்பிலோ நடமாட்டத்திலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஏற்றியே ஆகவேண்டுமானால் ஒரே ஒரு யூனிட். மறுபடி பரிசோதித்த பிறகே அடுத்தது.

பழைய செயற்கை மூட்டைக் கழற்றி மாற்றும் அறுவையில் மட்டும் கணக்கு வேறு. அங்கே கசியும் ரத்தத்தைச் சேகரித்துக் கழுவி மீண்டும் ஏற்றும் கருவி உதவும் என்றாலும், கழற்றப்படும் மூட்டில் கிருமித்தொற்று இருந்தால் பொதுவாக அதைத் தவிர்க்கிறோம். அன்று பொருத்தம் பார்த்த ரத்தம் தயாராக இருக்கிறதா என்று ரத்த வங்கியிடம் நானே கேட்டுக்கொள்கிறேன்.