ஜன்னல் இடுக்குகளை அடைத்த நாட்குறிப்பு

ஜனவரி 4

இன்று நல்ல காற்று. கசிவு பார்க்க இதைவிடத் தோதான நாள் அமையாது. ஜன்னல்களை எல்லாம் சாத்தித் தாழ் போட்டுவிட்டு, சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டேன். அது உள்காற்றை வெளியே இழுக்க இழுக்க, வெளிக்காற்று கிடைத்த இடுக்கு வழியாக எல்லாம் உள்ளே வரும். அந்த நேரத்தில் அடுப்போ கேஸ் ஹீட்டரோ எரியக் கூடாது, அதன் புகை வீட்டுக்குள்ளேயே திரும்பிவிடும்.

திரைச்சீலையை ஒதுக்கி, ஊதுபத்தி ஒன்றைச் சட்டத்தின் ஓரமாகவே மெல்ல நகர்த்தினேன். கண்ணாடி அருகே புகை நேராக எழுந்தது. கீழ் மூலையில், மரச்சட்டமும் சுவர்ப் பூச்சும் சேரும் இடத்துக்கு வந்ததும் சட்டென்று அறைப் பக்கம் மடங்கியது. மடங்கிய இடத்தில் எல்லாம் பென்சிலால் குறி வைத்தேன். பெரும்பாலான குறிகள் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில்தான். கண்ணாடியை மாற்ற நினைப்பவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்க வேண்டும்.

ஜனவரி 5

குறிகளை இரண்டாகப் பிரித்தேன். அசையாத இடுக்குக்கு சீலன்ட், அதாவது இடுக்கை அடைக்கும் பசை. திறந்து மூடும் ஜன்னல் கதவின் ஓரத்துக்கு ரப்பர் பீடிங், அதாவது ஒட்டும் ரப்பர் பட்டை. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே அக்ரிலிக் சீலன்ட் போதும், மேலே பெயின்ட் அடிக்கலாம். சாதாரண சிலிக்கான் மேல் பெயின்ட் நிற்காது.

ஜனவரி 11

பழைய சீலன்ட்டைச் சுரண்டி எடுக்கத்தான் நேரம் பிடித்தது. தூசி இருந்தால் புதியது ஒட்டவே ஒட்டாது, அதனால் பிரஷால் தட்டி, துடைத்து, காயவிட்டேன். டியூப் முனையை 45 டிகிரிச் சாய்வில், இடுக்கின் அகலத்துக்கு மட்டும் வெட்டினேன். இருபுறமும் மாஸ்கிங் டேப். டியூபிலிருந்து சீலன்ட்டைப் பிதுக்கும் கன்னின் விசையை ஒரே சீராக அழுத்தி, நிறுத்தாமல் மூலைவரை ஓட்டி, ஈர விரலால் ஒருமுறை நீவிவிட்டேன். டேப்பை சீலன்ட் ஈரமாக இருக்கும்போதே உரிக்க வேண்டும். காய்ந்தபின் உரித்தால் ஓரம் பிய்ந்து வரும்.

6 மில்லிமீட்டருக்கு மேல் அகலமான இடுக்கில் முதலில் ஃபோம் கயிற்றைத் திணித்து, அதன்மேல்தான் சீலன்ட். ஸ்ப்ரே ஃபோம் என்றால் ஜன்னலுக்கென்றே வரும், குறைவாக விரியும் வகையை வாங்க வேண்டும். மற்றது உப்பிச் சட்டத்தையே வளைத்துவிடும், அப்புறம் கதவு சாத்தாது.

ஜனவரி 12

பீடிங் ஒட்டியாயிற்று. கதவு சாத்தும்போது லேசாக நசுங்க வேண்டும், அவ்வளவுதான். கீழ்ச்சட்டத்தில் இருந்த சிறு துளைகளை விட்டுவிட்டேன். அவை மழைநீர் வடியும் வழி. படுக்கையறை ஜன்னல் எளிதாகத் திறக்கிறதா என்றும் பார்த்தேன். தீப்பிடித்தால் வெளியேற அதுவும் ஒரு வழி.

ஜனவரி 19

மறுபடியும் காற்று, மறுபடியும் ஊதுபத்தி. குறி வைத்த இடங்களில் புகை அசையவில்லை. அறையின் குளிர்ச்சியும் சூடும் இனி வீணாக வெளியே போகாது என்பதில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. உள்பக்கம் அடைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு: குளிர்காலத்தில் அறையின் ஈரக்காற்று சுவருக்குள் போய்க் குளிர்ந்து நீராவது குறையும். அந்த ஈரம் இப்போது அறையிலேயே தங்கும் என்பதால் குளித்தபின் ஃபேன் போடுவதை வழக்கமாக்கியிருக்கிறேன்.

படிக்கட்டு ஜன்னல் பாக்கி. அதன் மேல்சட்டத்தில் ஈரம் தெரிகிறது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து, மரம் காயும்வரை அங்கே சீலன்ட் வைக்கப்போவதில்லை. இப்போதே அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கி மரம் உளுத்துவிடும்.